இலக்கியா கராத்தேயை விட்ட கதை

இங்கிட்டு வாங்க தம்பி, அங்க வெயில் விழுகுது. இந்த சைக்கிள் ஷெட்டு ஓரமா உக்காந்தா கிளாஸ் முடியுற வரைக்கும் நிழல் இருக்கும். இந்த ஸ்கூலுக்குச் சுத்துச்சுவர் கட்டுறதுக்கு முந்தியே இந்த இடத்துல உக்காந்தவன் நான்.

எது உங்க பாப்பா? அந்த ரெட்டைச் சடையா? நல்லா நிக்குதே. முதல் நாளே அழாம நிக்கிறது பெரிய விசயம். என்னுது அந்தா, கடைசி வரிசையில, இடுப்புல பெல்ட் அவுந்து தொங்குது பாருங்க, அதுதான். மக இல்ல, பேத்தி. மூத்த பொண்ணோட பொண்ணு, தன்விகான்னு பேரு. இந்த வருசம் எங்ககூட இருந்து படிக்கிறா.

நீங்க மாஸ்டர்கிட்ட கேட்டது என் காதுல விழுந்துச்சு. பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருசம் ஆகும்னு கேட்டீங்கல்ல? முதல் நாள் எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. நானும் அதைத்தான் கேட்டேன். கேக்கவேண்டியது அது இல்ல தம்பி. வாங்குனதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு கேக்கணும். சொல்லவா? விட்டுட்டுப் போயிருவாங்க. வாங்குன கையோட போயிருவாங்க. ஸ்டீபன் மாஸ்டரையே கேட்டுப் பாருங்க, அவருக்கு இருக்கிற பெரிய மனக்குறையே அதுதான். வெள்ளை பெல்ட்டுக்காரன் மழை பெஞ்சாலும் வந்து நிப்பான், கறுப்பு கட்டுனவனைக் கடைத்தெருவுலதான் பாக்கணும்னு சொல்வார். கறுப்புங்கிறது ஆரம்பம்தான், இவங்க அதை முடிவுன்னு நினைச்சுக்கிறாங்கன்னு சொல்வார்.

என் சின்ன மகளும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி. இலக்கியா. நீங்க ஊருக்குப் புதுசு, இல்லாட்டி பேரைச் சொன்னா தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி குரு டிஜிட்டல்னு ஃபிளெக்ஸ் கடை இருக்குல்ல, அது நம்மதுதான். நான்தான் குருநாதன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இந்த ஊர்ல எது நடந்தாலும் நம்ம கடைக்கு வந்துதான் ஆகணும்.

எனக்கு ரெண்டும் பொண்ணு. மூத்தவ வினோதினி, இவ சின்னவ. ரெண்டாவதும் பொண்ணுன்னதும் எங்க அக்கா ஆஸ்பத்திரி வராண்டாவுலயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு. நான் அன்னைக்கே முடிவு பண்ணேன், இவளை ஆம்பளைப் பிள்ளை மாதிரி வளக்கிறேன், ஊரு பாக்கட்டும்னு. மூணாங்கிளாஸ்ல கொண்டாந்து இந்த மைதானத்துல விட்டேன். அப்ப பொம்பளைப் பிள்ளைன்னா இவ ஒருத்திதான். கையும் காலும் முறிஞ்சா யாரு கட்டுவான்னு எங்க வீட்டுக்காரி அழுதா. நான் காதுலயே வாங்கிக்கல. விடியுறதுக்கு முன்னால எழுப்பி, பல்லு விளக்கவச்சு, ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்கவச்சுக் கூட்டிட்டு வருவேன். தூக்கத்துல என் கையிலயே சாஞ்சுக்கிட்டு வருவா. இங்க இறக்கிவிட்டதும் எங்கருந்து வருமோ தெரியாது, அப்படி ஒரு வேகம்.

பிடிவாதக்காரி. ஒருதடவை சேலத்துல போட்டி. சுண்டுவிரல் பிசகி வீங்கிப்போச்சு. நான் போதும்னுட்டேன். அவ தலைக்குக் கட்டுற ரிப்பனை எடுத்துப் பக்கத்து விரலோட சேத்துக் கட்டிக்கிட்டு உள்ள போயிட்டா. ஜெயிச்சுட்டு வந்து, அப்பா வலிக்குதுன்னு அப்பதான் அழுதா. அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பொண்ணோட அப்பா யாருங்கன்னு கேட்டுக்கிட்டு வந்தார். நான்தான்னு சொன்னேன். அப்படிச் சொல்றதுல இருக்கிற ருசி உங்களுக்கு இன்னும் தெரியாது தம்பி. தெரிய வரும்.

நடுவுல பத்தாவது பரீட்சை, பன்னெண்டாவது பரீட்சைன்னு நின்னு நின்னு, ஒருவழியா காலேஜ் முதல் வருசத்துல பிளாக் பெல்ட் டெஸ்ட்டு. மதுரையில வச்சாங்க. காலையில உள்ள போனவ சாயங்காலம்தான் வெளிய வந்தா. கண்ணு ரெண்டும் உள்ள போயி, உதடு வெடிச்சு, நடக்க முடியல. ஆனா கையில அந்தக் கறுப்பு பெல்ட். மாஸ்டர் என் கையில குடுத்து என்னையவே கட்டிவிடச் சொன்னார். நான் எப்படிச் சுத்துனாலும் முடிச்சு விழவே இல்ல. அவளே கட்டிக்கிட்டா.

ஃபிளெக்ஸ் நானே டிசைன் பண்ணேன். பத்துக்கு எட்டு. எத்தனையோ பேருக்கு அடிச்சவன், என் பிள்ளைக்கு அடிக்க வேணாமா? நடுவுல இலக்கியா காலைத் தூக்கி நிக்கிறா, மேல 'வீரமங்கை'ன்னு மஞ்சள் எழுத்து. கீழ வாழ்த்துறவங்க போட்டோ வரிசை. எங்க மூத்த மாப்பிள்ளை ஜெகதீசன் போட்டோவை மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டேன். போட்டாகணும்ல? உடுமலையில காய்கறிக் கமிஷன் மண்டி வச்சிருக்கிற குடும்பம், அவரு ஒருத்தரே பையன். நமக்கு மேல்பட்ட இடம் தம்பி. அவங்க நம்ம வீட்ல பொண்ணு எடுத்ததே பெருசு.

அந்த ஃபிளெக்ஸை வச்சிருக்கக் கூடாது. திருஷ்டின்னு எங்க வீட்டுக்காரி இன்னைக்கு வரைக்கும் சொல்றா. எனக்கும் அப்படித்தான் படுது. ஏன்னா அதுக்கப்புறம் அவ இந்த மைதானத்துக்கு வந்தது கொஞ்ச நாள்தான். சட்டுனு ஒருநாள் நிறுத்திட்டா. செல்போனுதான் காரணம்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் காலேஜ்ல சேந்த பிள்ளைங்க சரியில்லையோன்னு நினைச்சேன். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஒண்ணு கைக்கு வந்துட்டா அதுமேல ஆசை போயிரும்னு மாஸ்டர் சொன்னாரு. அதுதான் சரின்னு இப்ப நினைக்கிறேன்.

நடுவுல வீட்ல ஒரு சின்ன மனஸ்தாபம் நடந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணல. ஆனாலும் சொல்றேன், நீங்களே பாருங்க.

ஊர்ல மாரியம்மன் திருவிழா. மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க, குழந்தையோட. மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தங்கமான மனுசன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கோபம் மட்டும் கொஞ்சம். சட்டுனு கையை ஓங்கிருவார், அடுத்த நிமிசமே மறந்திருவார். வினோதினி ரெண்டு மூணு தடவை பையைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா. ஒருதடவை காதுக்குக் கீழ வீங்கியிருந்துச்சு. எந்த வீட்லதான் இல்ல? நாலு நாள் வச்சிருந்து, முறுக்கு அதிரசமெல்லாம் சுட்டு, நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் சமாதானமாத்தான் போச்சு.

அன்னைக்குக் கறிச்சோறு. மாப்பிள்ளைக்கு இலை போட்டிருக்கு. அவரு சட்டை ஒண்ணை வினோதினி ஊர்லயே விட்டுட்டு வந்துட்டா போல. அதைக் கேட்டிருக்கார். இவ சும்மா இருந்திருக்கலாம். நீங்க எடுத்து வைக்கவே இல்லையே, நான் என்ன செய்யன்னு எங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. அது தப்புத்தானே? ஒரு ஆம்பளைக்கு மாமனார் வீட்ல அப்படிப் பதில் சொன்னா என்ன ஆகும்? எந்திரிச்சார். முடியைப் பிடிச்சு ரெண்டு போட்டார். குழந்தை நடுவுல மாட்டிக்கிட்டு வீல்னு கத்துது. நான் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு சொல்லிக்கிட்டே நிக்கிறேன். தொட்டுப் பிடிக்க முடியுமா? மாப்பிள்ளையாச்சே.

இலக்கியா பின்கட்டுல பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தவ, ஈரக் கையோட வந்தா. ஓடிவரல. நடந்துதான் வந்தா. வந்து அவரு மணிக்கட்டைப் பிடிச்சா, அவ்வளவுதான். எப்படித் திருப்புனா, எங்க கால் வச்சான்னு பக்கத்துல நின்ன எனக்கே தெரியல. அவ்வளவு பெரிய ஆளு முட்டி போட்டு உக்காந்துட்டார், கறிக்குழம்பு இலைக்குப் பக்கத்துல. அடிக்கல. அதை நான் ஒத்துக்கணும். ஒரு அடி அடிக்கல. பிடிச்ச பிடியில நிக்கிறா, மூச்சுக்கூட வாங்கல. அக்காவைப் பாத்து, "பாப்பாவைத் தூக்கிட்டு உள்ள போக்கா"ன்னு மட்டும் சொன்னா.

உண்மையைச் சொன்னா, ஒரு நிமிசம் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு தம்பி. பத்து வருசம் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டது வீண்போகலைன்னு தோணுச்சு. அடுத்த நிமிசம்தான் யாரைப் பிடிச்சிருக்கான்னு உறைக்குது. விடுடின்னேன். விடல. மறுபடி கத்துனேன், அப்பவும் விடல. உன் அக்கா வாழ்க்கையைக் கெடுக்காதடின்னு சொன்னதும் விட்டா. மாப்பிள்ளை எந்திரிச்சு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். சாப்பிடாமப் போயிட்டார். அதைத்தான் எங்க வீட்டுக்காரி சொல்லிச் சொல்லி அழுதா.

வினோதினி சுவரோரம் குழந்தையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவ முகத்துல எனக்குப் பிடிபடாத ஒரு தினுசு. தங்கச்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு. பைத்தியக்காரி, தன் புருசன் கோவிச்சுக்கிட்டுப் போறான், இவளுக்கு என்ன சிரிப்புன்னு நினைச்சேன்.

மறுநாளே சம்பந்தி வீட்ல இருந்து வர்றோம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி நான் செஞ்ச முதல் வேலை வாசல்ல இருந்த ஃபிளெக்ஸை இறக்குனதுதான். வந்து இறங்குனதும் அது கண்ணுல படக்கூடாதுல்ல? சுருட்டி மாடியில செங்கல் அடுக்கி வச்சிருந்ததுமேல போட்டு மூடுனேன்.

சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, அவரோட பெரியப்பா. காபிகூட வாங்கிக்கல. சம்பந்திதான் பேசுனார். உங்க மகளை நாங்க கூட்டிட்டுப் போகணுமா வேணாமான்னு இப்பவே தெரியணும்னார். ஒரு சின்னப் பொண்ணு கையால என் பையன் முட்டி போட்டிருக்கான், மண்டியில இதைக் கேள்விப்பட்டா ஒருத்தன் மதிப்பானான்னார். நியாயம்தானே? என்ன செய்யணும்னு கேட்டேன். கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கன்னார்.

உள்ள போயி இலக்கியாகிட்ட சொன்னேன். அவ என்னையே பாத்தா. "நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?"னு கேட்டா. சத்தமாக்கூட இல்ல. நிஜமாவே தெரியாமக் கேக்கிற மாதிரி கேட்டா.

"தப்பு இருக்கோ இல்லையோ, விழு. அக்கா வாழணும்ல"ன்னு சொன்னேன்.

அவங்க அம்மா அவ தாடையைப் பிடிச்சுக் கெஞ்சுனா. அப்ப வினோதினி உள்ள வந்து, வேணாம்ப்பா, அவ விழ வேணாம், நான் போகலைன்னு சொன்னா. சும்மா இருடின்னு நான் ஒரு அதட்டு அதட்டுனேன். ஆத்திரத்துல பேசுறா, நாளைக்கு வருத்தப்படுவான்னு பெத்தவனுக்குத்தானே தெரியும்.

இலக்கியா வந்தா, விழுந்தா. மாப்பிள்ளை காலைப் பின்னால இழுத்துக்கிட்டார். பாத்தீங்களா, எவ்வளவு பெருந்தன்மை. வேற ஒருத்தனா இருந்தா விழுந்து கிடக்கட்டும்னு இருந்திருப்பான்.

அதுக்கப்புறம் சம்பந்தியம்மா, அது என்னமோ கறுப்புப் பெல்ட்டாமே, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க பாப்போம்னு சொன்னாங்க. நானே போய் பீரோவுல இருந்து எடுத்துட்டு வந்து குடுத்தேன். கையில வாங்கி இழுத்துப் பாத்தாங்க. பெரியப்பாகிட்ட குடுத்தாங்க. அவரு, இது எங்க வீட்டு மாட்டைக் கட்டக்கூட பத்தாதேன்னார். எல்லாரும் சிரிச்சிட்டாங்க. மாப்பிள்ளையும் சிரிச்சார். நானும் சிரிச்சேன். அதுவரைக்கும் எல்லாருக்கும் மூஞ்சி இறுகிக் கிடந்துச்சு, அந்த ஒரு பேச்சுல வீடே லேசாயிருச்சு. காபி வாங்கிக் குடிச்சாங்க. இலக்கியா அங்கதான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. அவ மட்டும் சிரிக்கல. அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் வீம்பு.

சாயங்காலமே வினோதினியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கார்ல ஏறும்போது எங்க யாரையும் பாக்கல. பிரியற நேரத்துல பொண்ணுகளுக்கு அப்படி இருக்கும். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. கலைஞ்சுபோக இருந்த குடும்பத்தைச் சேத்து வச்சோம்ல?

மறுநாள் காலையில வழக்கம்போல இலக்கியாவை எழுப்புனேன். முழிச்சுத்தான் படுத்திருந்தா. கிளாஸுக்கு நேரமாச்சுன்னேன். போகலப்பான்னா. உடம்புக்குச் சரியில்லையோன்னு விட்டுட்டேன். அதுக்கடுத்த நாளும் போகல. அதுக்கப்புறம் போகவே இல்ல. திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், பேசாமலும் இருந்து பாத்தேன். பத்து வருச உழைப்பு தம்பி, அவளோடது மட்டுமா, என்னோடதும்தானே? பெல்ட் கைக்கு வந்ததும் திமிரு வந்திருச்சுன்னு ஒருநாள் வாய்விட்டே சொல்லிட்டேன். ஆமாப்பான்னுட்டுப் போயிட்டா.

கடைசியில மாஸ்டரையே வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவரு சொன்னா கேப்பான்னு. வாசல்ல வேப்ப மரத்தடியில நின்னு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுனாங்க. இல்ல, அவதான் பேசுனா, அவரு கேட்டுக்கிட்டு இருந்தார். எங்க வீட்டுக்காரி டீ போட்டு எடுத்துட்டுப் போறதுக்குள்ள அவரு வண்டியை எடுத்துட்டார். என்ன சொன்னாளோ தெரியாது. இன்னைக்கு வரைக்கும் மாஸ்டர் என்கிட்ட முன்னைப்போலப் பேசுறதில்ல. வணக்கம்னா வணக்கம், அதோட சரி. நீங்க பாத்தீங்கள்ல, இப்ப என்னைத் தாண்டித்தான் போனாரு, நின்னாரா? என்னைப் பத்தி என்னத்தையோ போட்டுக் குடுத்திருக்கா. பெத்த அப்பனைப் பத்தி.

இது நடந்து ரெண்டு வருசம் ஆகுது. வினோதினி நல்லா இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா, ஸ்பீக்கர்ல போட்டு மாப்பிள்ளையும் கூட இருப்பார். நல்லா இருக்கேன்ப்பான்னுதான் சொல்வா. முன்ன மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு வர்றதே இல்ல. ஒருதடவைகூட வரல. அதுவே நல்ல சேதிதானே?

குழந்தைதான் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்துச்சு. கதவு டொப்புன்னு சாத்துனா கட்டிலுக்கு அடியில போயிரும். அங்க இருக்கிற ஸ்கூலு சரியில்லைன்னு நினைக்கிறேன். இலக்கியாதான் போயி, இந்த வருசம் பாப்பா எங்ககிட்ட இருக்கட்டும்னு கேட்டு வாங்கிட்டு வந்தா. மாப்பிள்ளை மறு வார்த்தை சொல்லல. பெரிய மனசு. வந்ததும் நான் இங்க கொண்டாந்து சேத்துட்டேன். ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்குல்ல? இதையும் தைரியமா வளத்துக் காட்டுறேன்.

இலக்கியாகிட்ட சொன்னேன், நீ போகாட்டிப் போ, பாப்பாவுக்காவது வீட்ல நாலு அடி சொல்லிக் குடுன்னு. முடியாதுன்னுட்டா. எனக்கு மனசு விட்டுப்போச்சு. ஆனா பாருங்க, கொஞ்ச நாள்ல சாயங்காலமானா ரெண்டும் வாசல்ல என்னமோ பண்ணிக்கிட்டு இருக்குதுங்க. நான் கடையில இருந்து வந்தா நிறுத்திருவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். ரத்தத்துல ஊறுனது எங்க போகும், திரும்பி வந்துட்டாள்னு நினைச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை குழந்தையைப் பாக்க வந்தார். பெட்டி நிறைய பலகாரம். சோபாவுல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தார். குழந்தை என் காலுக்குப் பின்னால நிக்குது. எனக்கு ஒரு ஆசை. மாப்பிள்ளைகிட்ட, உங்க பொண்ணு இப்ப என்னவெல்லாம் செய்யுது பாருங்கன்னுட்டு, பாப்பா, சித்தி உனக்கு என்ன சொல்லிக் குடுத்தாள்னு அப்பாவுக்குச் செஞ்சு காட்டுன்னேன்.

குழந்தை இலக்கியாவைப் பாத்துச்சு. தன் அப்பாவைப் பாத்துச்சு. அப்புறம் ஒரே ஓட்டம். எங்கயும் இடிக்காம வாசலுக்குப் போயி, எட்டாத தாழ்ப்பாளை எக்கித் திறந்து, கேட்டைத் தள்ளி, ரோட்டைத் தாண்டாம ஓரமாவே ஓடி, நாலாவது வீடு டீச்சரம்மா வீட்டுக் கதவை ரெண்டு கையாலயும் படபடன்னு அடிக்குது. அவங்க பதறிக் கதவைத் திறந்தா, தன் பேரைச் சொல்லி, தெருப் பேரைச் சொல்லி, ஒரு போன் நம்பரைத் தப்பில்லாமச் சொல்லுது.

நான் பின்னாலயே ஓடிப்போயி மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன். தெருவே எட்டிப் பாக்குது. மாப்பிள்ளை காபி டம்ளரோட வாசல்ல நின்னு, எதுக்கு மாமா இப்படி ஓடுறான்னு கேக்கிறார். எனக்கு மானமே போச்சு. பிளாக் பெல்ட் வாங்குனவ, மதுரையில போயி அத்தனை பேர் முன்னால வாங்குனவ, ஒரு குழந்தைக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறது ஓடுறதுக்கு.

அதைக்கூட விடுங்க. அந்த நம்பரு என்னோடது இல்ல தம்பி. வீட்ல ஒரு ஆம்பளை, தாத்தா, கல்லு மாதிரி நான் இருக்கேன். என் நம்பர் கடை போர்டுல இருக்கு, ஊருக்கே தெரியும். இவ தன் நம்பரைச் சொல்லிக் குடுத்திருக்கா. ஏண்டி, என் நம்பரைச் சொல்லிக் குடுக்கலாம்லன்னு கேட்டேன். குழந்தையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

நீங்களும் பொண்ணு வச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. ஒரு ஆபத்துன்னா பிள்ளை முதல்ல யாரைக் கூப்பிடணும்?